குனிந்தவனுக்கு ஒரு சட்டி வசம்பு

செங்குட்டுவனுக்கு மூக்கு நுனி அரித்தது. அரித்தால் சொறிந்துகொள்ள வேண்டியதுதானே, கைக்கு யார் தடை போட்டார்கள், டாக்டர் தடை போட்டது முகத்துக்குத்தான். முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கணும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழிவறைக்கு நடக்கும்போதும், ஒரு வாரம் முழுக்க. ஆனால் கை போனால் தோள் அசையும், தோள் அசைந்தால் கழுத்து அசையும், கழுத்து அசைந்தால் உள்ளே அந்தக் குமிழ் அசையும் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அரிப்பைப் பொறுத்துக்கொண்டார். குமிழ் வலது கண்ணுக்குள் இருந்தது. அந்தக் கண்ணின் பின்சுவரில், பார்வை வந்து குவிகிற இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது; அதை மூடத்தான் ஆபரேஷன், அதற்குத்தான் கண்ணுக்குள் காற்றை விட்டு அனுப்பியிருந்தார்கள். குனிந்திருந்தால் காற்றுக்குமிழ் மேலே ஏறி ஓட்டையின் மேல் உட்காரும், உட்கார்ந்து அழுத்தினால் ஓட்டை மூடிக்கொள்ளும், நிமிர்ந்தால் குமிழ் நகர்ந்துவிடும். இவ்வளவுதான் விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மூடியிருந்தால் சரி. மூடாவிட்டால்? இடது கண்ணிலும் இதே ஓட்டை நாலு வருஷம் முன்பு வந்ததுதான். வயசானால் அப்படித்தான் என்று புது மூக்குக்கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார், மகா புத்திசாலி. கடைசியில் போனபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இப்போது அந்தக் கண்ணில் நிறம் தெரியும், ஓரம் தெரியும், நடுவில் தோசைக்கல்லில் கருகின இடம் மாதிரி ஒரு சாம்பல் திட்டு. யார் முகத்தைப் பார்த்தாலும் முகம் இருக்கிற இடத்தில் அந்தத் திட்டுதான் இருக்கும். ஆக, மிச்சம் இருப்பது வலது கண் ஒன்றுதான். அதுவும் போனால் மனைவி வனிதாமணியின் முகம் இனிமேல் அந்தக் கருகல்தான் என்று நினைத்தபோது மூக்கு அரிப்பு மறந்தே போனது.

நாற்காலி வாடகைக்கு வந்தது. கடைத்தொகுதிகளில் உட்கார வைத்து முதுகு பிடித்துவிடுகிறார்களே, அந்த மாதிரி. நெஞ்சைச் சாய்த்து முகத்தை ஒரு வட்ட மெத்தைக்குள் புதைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஓட்டை, ஓட்டை வழியாகத் தரை. மெத்தையின் ரெக்சின் வேர்த்துக் கன்னத்தில் ஒட்டுகிறது என்றதும் வனிதாமணி தன் பழைய பருத்திப் புடவை ஒன்றை முறுக்கிச் சுற்றி அதன்மேல் வைத்துவிட்டாள். "தலைமேல சும்மாடு வச்சுப் பார்த்திருக்கேன், சும்மாட்டுமேல தலைய வச்சு இப்பத்தாங்க பார்க்கிறேன்" என்றாள். அவள் வாய்க்குக் குறைச்சல் இல்லை. சும்மாட்டில் அவளுடைய பவுடர் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. குனிந்தே இருப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும், முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கழுத்து இது. உயரத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி, பாதங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டே கண்டெய்னரைத் தூக்கணும், கப்பலில் இறக்கணும். கீழே நின்று கை காட்டுகிற ஆட்கள் எல்லாரும் அவருக்கு வெறும் மஞ்சள் தொப்பிகள். காசிம் என்று ஒருத்தன், அவன் கை காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம், அப்படி ஒரு நிதானம். ஒரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தபிறகு கேன்டீனில் ஒரு மனுஷன் வந்து தோளைத் தட்டி "என்னடா தெரியலையா" என்றபோது அது யாரென்று தெரியவில்லை. மூஞ்சியையே பார்த்ததில்லை, எப்படித் தெரியும். காசிம் விழுந்து விழுந்து சிரித்தான். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு மனுஷர்கள் உச்சந்தலைதான் போலிருக்கிறது. இப்போது அதே கழுத்து, அதே வளைவு, கண்ணாடிக்குப் பதில் இந்த ஓட்டை. கீழே கப்பல் இல்லை, ஒரு முக்காலி, முக்காலியின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண்சட்டி, சட்டியில் ஒரு கருங்கல், கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சை. இடது கண்ணுக்கு அது புகை மாதிரிதான் தெரியும், நடுவில் திட்டு, சுற்றிலும் பச்சைப்புகை. ஆனால் குனிந்து கிடக்கிற மனுஷனுக்குப் பார்க்க ஒரு பச்சை இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். முதல் நாள் முழுக்க வெறும் தரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. நல்ல மனுஷன் க்வெக், இந்தச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தவர். நல்லா இருக்கணும் அவர்.

க்வெக் அடுத்த வீட்டுக்காரர். சீனப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயசு எழுபத்தாறு. இவர் வீட்டுக் கதவைத் தாண்டினால் அவர் வீட்டு ஜன்னல், ஜன்னலோரம் மேசை, மேசையில் தூரிகைகள், மசி அரைக்கிற கல், பக்கத்தில் இந்தச் சின்னச் சட்டி. லிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார், புல் வளர்க்கிறார் கிழவர் என்று நினைத்துக்கொண்டதோடு சரி. இருவரும் பேசுவது பாதி மலாய் பாதி ஆங்கிலம், பெரும்பாலும் மழையைப் பற்றியும் லிப்டு ரிப்பேரைப் பற்றியும். பெயர்ப்பலகையில் சீனப் பெயர் மாதிரி செங் என்று தொடங்குவதைப் பார்த்து முதல் நாளே "செங்! நம்ம ஆளா நீ?" என்று கேட்டுச் சிரித்தவர், அதிலிருந்து செங் என்றேதான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஆபரேஷனுக்கு மறுநாள் அந்தச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். வனிதாமணி சமையல்கட்டில் இருந்தாள், கதவு திறந்துதான் கிடந்தது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, "செங்" என்று ஒரு குரல், அவ்வளவுதான், செங்குட்டுவன் சட்டென்று முகத்தைத் தூக்கி "வாங்க, வாங்க" என்றுவிட்டார். தமிழில். அந்த மனுஷருக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. எவனாவது செய்வானா? கண்ணுக்குள் காற்றை நிரப்பி, அசையாதே அப்பனே என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருக்க, வந்தவர் முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? முழுகும். முழுகியிருக்கிறது. ஒரு தீபாவளி அன்றைக்கு டிவியில் பந்தாட்டம், பெனால்டி, அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் பலகாரத் தட்டோடு உள்ளே வந்தார். செங்குட்டுவன் கண்ணை எடுக்காமல் கையால் மட்டும் நாற்காலியைக் காட்டினார். அத்தான் உட்கார்ந்தார், ஒரு முறுக்கைக் கடித்தார், எழுந்து போய்விட்டார். "மூஞ்சியப் பார்த்து வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல உன் தம்பிகிட்ட" என்று அக்காவிடம் சொன்னவர் அதற்கப்புறம் எத்தனை தீபாவளிக்கு இந்த வாசலை மிதிக்கவில்லை! அக்கா அழுதாள், அம்மா போய்க் காலில் விழாத குறையாகப் பேசினாள், அசைந்து கொடுக்கவில்லை மனுஷன். அன்றைக்குக் கழுத்தில் ஏறியதுதான் இந்த ஸ்பிரிங். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும், வாய் தானாக வாங்க என்னும்.

நிமிர்ந்தது எவ்வளவு நேரம்? அதுதான் சரியாக நினைவில்லை. வாங்க என்று ஒருமுறை சொன்னாரா இரண்டுமுறை சொன்னாரா, உட்காருங்க என்று வேறு சேர்த்தாரா? சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வலது கண் கட்டுக்குள் இருந்தது, இடது கண்ணில் வாசல் வெளிச்சம், வெளிச்சத்தின் நடுவே திட்டு, திட்டைச் சுற்றி க்வெக்கின் நீலச் சட்டை. அப்போது அந்தச் சட்டை மளமளவென்று கீழே போயிற்று. "கீழே, கீழே! நான் இங்கே இருக்கிறேன் செங், கீழே பார்!" என்று தரையிலிருந்து சத்தம் வந்தது, கிழவர் சட்டியோடு தொப்பென்று தரையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போன வழியே செங்குட்டுவனின் முகமும் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. டாக்டர் என்ன சொன்னார், முழு நேரமும் முடியாது, பத்தில் ஒன்பது பங்கு நேரம் குனிந்திருந்தாலே போதும் என்றுதானே சொன்னார். ஒன்பது பங்குக்கு மேலேயே குனிந்தாயிற்று. இல்லை, ஆனால் முதல் சில நாள்தான் முக்கியம் என்றும் சொன்னாரே, இரண்டாம் நாள் முதல் சில நாளில் சேர்த்தியா இல்லையா? சேர்த்திதான், சந்தேகம் என்ன. காயாத சிமெண்டில் நாய் ஓடின மாதிரி ஆகியிருக்குமோ. ஒருதரம் ஓடினாலும் தடம் தடம்தானே. சே, என்ன நினைப்பு இது, வேறு ஏதாவது நினைப்போம் என்று புரட்டிப் புரட்டி வேறு எங்கெங்கோ போனாலும் நினைப்பு திரும்ப அந்த வாசலுக்கே வந்து நின்றது: செருப்புச் சத்தம், செங் என்ற குரல், நிமிர்ந்த முகம். வனிதாமணியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள், திட்டினால்கூடப் பரவாயில்லை, திட்டாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள், அதைத் தாங்க முடியாது. அதற்கப்புறம் மருந்து விடும்போதெல்லாம் வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முதல் தடவை கட்டை அவிழ்த்தபோது பால் கலந்த தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கலங்கல்தான் தெரிந்தது, அது இயல்புதான் என்றார்கள். இப்போது திறந்து பார்த்து, இன்னும் அதே கலங்கல் இருந்தால்? திறக்காத வரைக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்றிலிருந்து க்வெக் தினமும் சாயங்காலம் வருகிறார். வந்ததும் பேச மாட்டார். முதலில் தரையில் உட்காருவார், முக்காலி பக்கத்தில், ஓட்டையின் நேர் கீழே. உட்கார்ந்து சரிப்படுத்திக்கொண்ட பிறகுதான் "செங்" என்று கூப்பிடுவார். குரல் கீழேயிருந்து வரும், கீழேயிருந்து வருகிறவருக்கு எதற்கு நிமிர வேண்டும்? அந்த வயசில் அந்த யோசனை வந்ததே, அதற்கே அவருக்குக் கோடி நமஸ்காரம் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வாய் வரவில்லை, நன்றி என்பதை மலாயில் சொன்னால் பேருந்தில் இறங்குகிறவன் சொல்கிற மாதிரி இருக்கிறது. சட்டிக்குத் தண்ணீர் விடுவதுதான் அவர் வருகிற காரணம். கெட்டிலின் மூக்கு மாதிரி மூக்கு வைத்த ஒரு சின்னக் குவளையில் கொண்டுவந்து கல்லின் மேல் சொட்டுச் சொட்டாக விடுவார். சாங்பூ என்று அதற்குப் பெயர் சொன்னார். படிக்கிறவன், எழுதுகிறவன் மேசையில் இது இருக்கணுமாம், அந்தக் காலத்திலிருந்து சீனத்தில் அப்படித்தானாம். எண்ணெய் விளக்கில் ராப்பகலாகப் படித்தவர்கள், விளக்குப் புகை கண்ணைக் கெடுக்கும், இதைப் பக்கத்தில் வைத்தால் புகையை இது இழுத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். விடிகாலையில் இலை நுனியில் ஒரு முத்துத் தண்ணீர் நிற்கும், அதை விரலில் தொட்டுக் கண்ணில் தடவிக்கொள்வார்களாம். "தடவுறதா? இந்தக் கண்ணுலயா? டாக்டர் என்னைத் தொலைச்சுடுவாரு" என்று மலாயும் தமிழுமாக வனிதாமணி பாய்ந்து வந்தாள். க்வெக் கீழேயிருந்து சிரித்தார். "தடவ வேண்டாம் மேடம், தடவ வேண்டாம். பார்க்க மட்டும். படித்துக் களைத்துப்போனால் நானும் இதைத்தான் பார்ப்பேன், கண்ணுக்கு ஓய்வு." அப்புறம் வளர்க்கிற விதி சொன்னார்: வானம் காட்டு, வெயில் காட்டாதே, வெட்டிவிடு, பிரித்து நடாதே, தண்ணீர் சேர்த்து ஊற்று, பழைய தண்ணீரை மாற்றாதே. மண் கேட்காது, உரம் கேட்காது, கல்லும் தண்ணீரும் போதும். வெட்ட வெட்ட இலை மெலிசாகி நேர்த்தியாக வரும். கடைசி விதிதான் வனிதாமணிக்கு ஆகவில்லை. அவள் குடத்துத் தண்ணீரையே ராத்திரி தாண்டினால் கொட்டிவிடுகிறவள். "பழந்தண்ணிய வீட்ல வைக்கிறதாவது! அதுமட்டுமா, கொசு வந்தா ஆள் வந்து பார்த்து அபராதம் போட்டுட்டுப் போவான். புளோக்குல லிப்டுகிட்ட எழுதி ஒட்டியிருக்கானே, பார்க்கலையா அங்கிள்?" க்வெக் பதறிப்போய்த் தண்ணீர் கல்லின் ஈரம் அளவுக்குத்தான், தேங்கவே தேங்காது, பாருங்கள் என்று சட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பச்சைப்புகை மேலே வந்தது, கீழே போயிற்று. சிரித்தால் தலை ஆடும் என்று செங்குட்டுவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

வாசனையைக் கண்டுபிடித்தது வனிதாமணிதான். முக்காலிக்கு அடியில் ஒரு தலையணையைக் கொடுத்துச் சட்டியை உயர்த்திவிட்டாள், இலை நுனி இவர் மூக்கைத் தொடுகிற அளவுக்கு. அப்படி வைக்கும்போது ஒரு இலை அவள் விரலில் நசுங்கியது. முகர்ந்து பார்த்தவள் "ஏங்க! இது நம்ம வசம்புங்க!" என்றாள். இல்லையே, வசம்பு முழங்கை உசரம் வளருமே என்றார் இவர். "இது அதோட குட்டி. நீங்க மோந்து பாருங்க, பிள்ளைக்கு உரசிக் குடுக்கிற பேர் சொல்லாததோட வாசனையா இல்லையா?" இருந்தது. கொஞ்சம் காரம், கொஞ்சம் இனிப்பு, ஈரத்துணி காய்கிற மாதிரி ஒரு மணம், அதற்குள்ளிருந்து மகள் முத்தழகி பிறந்த வீட்டின் அறை அப்படியே எழுந்து வந்தது. மணிக்கட்டில் வசம்பு வளையல், சுட்டுவிரல் தண்டிகூட இல்லாத மணிக்கட்டு, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று வனிதாமணி சட்டம் போட்டிருந்தாள், குளித்துவிட்டு வந்து தொட்டிலுக்குள் குனிந்தால் இந்த வாசனை. அன்றைக்கும் குனிந்துதான் பார்த்தோம், என்று நினைத்துக்கொண்டார். அந்த மகள் இப்போது பெர்த் நகரத்தில் இருக்கிறாள், தினமும் போன் செய்கிறாள், "அப்பா, தலையைத் தூக்கலையே?" என்பதுதான் முதல் கேள்வி. "தூக்கலம்மா" என்று இந்த வாயால்தான் சொன்னார். வனிதாமணி போனைத் தரையில் வைத்து வீடியோவில் பேத்தியைக் காட்டினாள், பேத்தி இருந்த இடத்தில் திட்டு, திட்டுக்குள்ளிருந்து "தாத்தா" என்று குரல். அது போகட்டும். நேற்று வனிதாமணி இடியாப்பம் கொடுக்க க்வெக் வீட்டுக்குப் போய்வந்தாள். வந்தவள் சட்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன?" என்றார். "அவர் ஜன்னலோரத்துல வேற சட்டி நாலஞ்சு இருக்குங்க, எல்லாம் புதுசு. மேசைமேல எதுவும் இல்ல. வட்டமா ஒரு தடம் மட்டும் இருக்கு, வருஷக்கணக்கா வச்ச இடம் போலிருக்கு. நமக்குக் குடுத்தது அந்தச் சட்டியத்தாங்க." அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பச்சைப்புகையின் மேல் மூச்சு பலமாகப் படாமல் பார்த்துக்கொள்கிறார். நாலஞ்சில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருக்கலாமே மனுஷன், யார் கேட்கப்போகிறார்கள், இந்தக் குருட்டுக் கண்ணுக்குப் புல்லுக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியுமா என்ன?

வெளியே காரிடாரில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சமையல்கட்டில் ரசம் கொதித்தது. ரசத்தை உறிஞ்சுகுழாயில் குடிக்கிற கொடுமையைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம், மிளகு வந்து அடைத்துக்கொள்ளும், ஆனாலும் தினமும் வடிகட்டி வடிகட்டிக் கொடுக்கிறாள், ஒருநாள்கூட முகம் சுளித்ததாகக் குரலில் தெரியவில்லை. முகம் சுளித்தாளோ என்னவோ, இவரால் பார்க்க முடியாதே. ஒரு வாரமாக அவளுடைய பாதங்களைத்தான் பார்த்திருக்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் நடக்கிற சத்தத்தை இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும், கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, கோடு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பார்கள். இந்தக் கண்ணில் கோளாறு வந்ததே அப்படித்தான் தெரிந்தது. காரிடார் கம்பி நடுவில் மட்டும் உள்ளே நெளிந்திருந்தது. "வனிதா, கம்பிய எவன் வளைச்சான்?" என்று கேட்டார், அவள் வெளியே வந்து பார்த்து, கம்பியைப் பார்த்து, அப்புறம் இவரைப் பார்த்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். இல்லாவிட்டால் இன்னொரு மூக்குக்கண்ணாடி வாங்கியிருப்பார், வாங்கக்கூடிய ஆள்தான். ஆண்டவனே, அவள் இழுத்துப்போனதை, அந்தக் கிழவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்ததை, எல்லாம் சேர்த்து என் ஒரு அசட்டுக் கழுத்து கெடுத்துவிட்டது என்று ஆகிவிடக்கூடாது. எனக்காகக் கேட்கவில்லை, கேட்கிறேன்தான், ஆனால் இத்தனை பேர் பட்ட பாடு வீணாகப் போனால் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? முழிக்கவா? எந்தக் கண்ணால்? அவருக்கே சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். கழுத்து ஒரு துள்ளு துள்ளியது, செங்குட்டுவன் சும்மாட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலடி வந்தது, முக்காலியைச் சுற்றி வந்தது, சுவரில் ஒரு கை ஊன்றுகிற சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் நீலமாக ஏதோ மெதுவாக இறங்கிப் பச்சைப்புகைக்கு அந்தப் பக்கம் அமர்ந்தது. "செங்," என்றது குரல், "நாளைக்கா?" நாளைக்குத்தான் என்றார். "பயமா?" ஆமாம் என்று சொல்ல வந்து, "அன்றைக்கு நான் தலையைத் தூக்கினேனே" என்று மலாயில் சொல்லிவிட்டார், வாயிலிருந்து எப்படி வந்ததென்றே தெரியவில்லை. க்வெக் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "தூக்கினாய். மறுபடி இறக்கினாய்," என்றார். "நானும் தினமும் அதைத்தான் நினைக்கிறேன். சத்தம் போடாமல் வந்திருக்கணும் நான்." அடடா, இவர் வேறு இதைத் தூக்கிச் சுமந்துகொண்டு அலைகிறாரா, இவர் எதற்கு? இல்லை, இல்லை, உங்கள் தப்பு இல்லை என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் வனிதாமணி மருந்தோடு வந்துவிட்டாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்தாள், கட்டைப் பிரித்தாள், கண்ணோரத்தில் ஒரு சொட்டு. செங்குட்டுவன் வழக்கம்போலக் கண்ணை இறுக்கிக்கொண்டார். "திறங்க, மருந்தெல்லாம் கன்னத்துல ஓடுது." மாட்டேன் என்பது போல முனகினார். "சின்னப் பிள்ளையா நீங்க? திறங்கன்னா!" திறந்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பித் திரும்பவும் சும்மாட்டில் வைத்தாள், மூடியைத் திருகத் தொடங்கினாள், கட்டு இன்னும் போடவில்லை. கண் திறந்தே இருந்தது.

முதலில் அது கலங்கல்தான். கலங்கலின் நடுவே வட்டமாக ஒன்று தளும்பியது, பெரிய காசு மாதிரி, கரை கருப்பாக. குமிழ். அது தளும்பி நிற்கட்டும் என்று மூச்சை நிறுத்திக்கொண்டார். குமிழுக்குள் ஒரு பச்சை, அந்தப் பச்சைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ. வெள்ளை ஒரு சதுரம். இல்லை, நீண்ட சதுரம். அதற்கு ஒரு ஓரம் இருந்தது, ஓரம் நேராகப் போயிற்று, முனையில் திரும்பி நேராக வந்தது, எங்கேயும் நெளியவில்லை, நடுவிலும் நெளியவில்லை. இன்னொரு வெள்ளை. இன்னொன்று. அரைக்கால்சட்டைக்குக் கீழே இரண்டு எலும்பு முட்டிகள், அவற்றின் மேல் முட்டிவலிக்கு ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரிகள். செங்குட்டுவன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரமாக, மறுபடி ஓரமாக, பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். எழுபத்தாறு வயசு மனுஷன், இந்த முட்டியை மடக்கி மடக்கித்தான் ஒவ்வொரு நாளும் தரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு ஐயோ அம்மா என்றுகூடச் சத்தம் வராமல்.

"வனிதா."

"ம்."

"அவர நாற்காலியில உட்காரச் சொல்லு."

"எங்க கேக்குறாரு? கீழதான் உட்காருவேன்னு அடம்."

"முட்டி ரெண்டும் வலிக்குது அவருக்கு. பிளாஸ்திரி ஒட்டியிருக்காரு. இடதுல ரெண்டு, வலதுல ஒண்ணு. இடதுல இருக்கிறதுல ஒண்ணு ஓரம் பிஞ்சு தொங்குது."

தலைக்கு மேலே மூடி திருகுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"எந்தக் கண்ணுல பார்த்தீங்க?"

அவர் இடது கையைச் சும்மாட்டிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்காட்டினார். வனிதாமணி தரையில் அப்படியே மண்டியிட்டாள். செங்குட்டுவனின் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிளாஸ்திரி என்ற ஒரு வார்த்தையைத் தவிர க்வெக்குக்கு இவர்கள் பேசியது எதுவும் புரியவில்லை. எதற்காகத் தன் முட்டியைப் பற்றிப் பேச்சு, எதற்காக இந்த அம்மாள் அழுகிறாள் என்று தெரியாமல் கூச்சத்தோடு கால்சட்டை ஓரத்தைக் கீழே இழுத்து முட்டியை மூடப்போனார்.

"மூடாதீங்க!" என்று செங்குட்டுவன் தரையைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினார். "மூடாதீங்க மிஸ்டர் க்வெக், கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."